கெட்டவன் என்று தெரிந்தும் கூடவே போகிறோமே, ஏன்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி நகரம். ஒரு வீட்டின் நிலவறையில் ஒருவனைக் கழுத்தில் சைக்கிள் பூட்டு மாட்டித் தூணோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள். க்ரேஸி எயிட் என்று பட்டப்பெயர் கொண்ட போதைப்பொருள் வியாபாரி. அவனை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் வால்டர் ஒயிட். பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறவர், வயது 50. வாத்தியார் அல்லவா, தாளை எடுத்துப் பட்டியல் போடுகிறார். விட்டுவிடுவதற்குக் காரணங்கள் வரிசையாக வந்து விழுகின்றன: அதுதான் தர்மம், நீ கொலைகாரன் இல்லை, எடுத்துச் சொன்னால் கேட்பான், கொன்றுவிட்டு உன்னால் நிம்மதியாக வாழ முடியாது. கொல்வதற்கு ஒரே ஒரு காரணம்தான்: விட்டால் உன் குடும்பத்தையே தீர்த்துக்கட்டிவிடுவான்.

அவனுக்குச் சாண்ட்விச் எடுத்துக்கொண்டு கீழே போகும்போது வால்டருக்கு இருமல் வந்து மயங்கி விழுகிறார். தட்டு உடைகிறது. எழுந்து, சுத்தம் செய்து, வேறு சாண்ட்விச் கொண்டுவருகிறார். பீர் குடித்தபடி இருவரும் பேசுகிறார்கள். அவனுடைய அப்பா வைத்திருக்கும் ஃபர்னிச்சர் கடையில்தான் தன் மகனுக்குத் தொட்டில் வாங்கினோம் என்று வால்டருக்குத் தெரியவருகிறது. பார்த்தால் நல்ல பையன் மாதிரிதான் இருக்கிறான். சரி, விட்டுவிடலாம் என்று சாவி எடுக்க மேலே வருகிறார். குப்பைக்கூடையில் கிடக்கும் தட்டுத் துண்டுகள் கண்ணில் படுகின்றன. ஏதோ உறுத்த, அவற்றை வெளியே எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கிறார். கத்தி முனைபோல ஒரு துண்டு மட்டும் இல்லை.

இது ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் மூன்றாவது எபிசோடு. அந்தத் துண்டைக் காணோம் என்றதும் பார்க்கிற நமக்கும் வயிறு கலங்குகிறது. யாருக்காகக் கலங்குகிறது என்று யோசித்தால், பூட்டில் மாட்டிக்கிடப்பவனுக்காக இல்லை. அவனைச் சிறைவைத்தவருக்காக. சற்றுநேரத்தில் வால்டர் அதே பூட்டை இழுத்து, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபடி அவன் மூச்சை நிறுத்தும்போதும் நாம் வால்டரின் முதுகுப் பக்கம்தான் நிற்கிறோம். இந்த ஏற்பாட்டைச் செய்கிற கதைக்குத்தான் எதிர்நாயகன் கதை என்று பெயர். ஆன்டி ஹீரோ என்று அப்படியே சொல்பவர்களும் உண்டு.

(இனி வருவதில் கதை முடிவுகள் தாராளமாக இருக்கின்றன. தொடர்களைப் பார்க்காமல் வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

எதிர்நாயகன் என்பவன் கதையின் நடுவில், கதாநாயகன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறான். அவன் வழியாகத்தான் கதை நமக்கு வந்துசேர்கிறது. ஆனால் கதாநாயகனிடம் நாம் எதிர்பார்க்கிற நேர்மையும் இரக்கமும் அவனிடம் இல்லை, அல்லது இருந்தது கண்ணெதிரே கரைகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: அவன் செய்வது சரிதான் என்று கதை முத்திரை குத்தித் தரக்கூடாது. நம் சினிமாவில் சட்டத்தை மீறுகிற, ஆள் வெட்டுகிற நாயகர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவர் வெட்டுவது ஊழல் அதிகாரியையும் பெண்ணைக் கெடுத்தவனையும்தான். வெட்டி முடித்ததும் பின்னணி இசை கைதட்டச் சொல்கிறது. அது எதிர்நாயகன் கணக்கில் வராது. ஆயுதம் மட்டும் மாறிய பழைய கதாநாயகன்தான் அவர். குடித்துவிட்டு மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, காலையில் வழக்கைக் கச்சிதமாகத் துப்புத் துலக்குகிற போலீஸ்காரரும் இதில் சேரமாட்டார். அவரிடம் குறைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். வில்லனுக்கோ குறுக்கே வந்து நிற்கிற வேலை மட்டும்தான். ராத்திரி வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் என்ன பொய் சொன்னான் என்று கதை நமக்குக் காட்டுவதில்லை.

அந்தப் பொய்யைக் காட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995-ல் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு பாத்திரத்தோடு கூடவே போவது ஒன்று. அவன் பக்கம் சேர்வது இன்னொன்று. கேமரா யாரோடு போகிறதோ, யாருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிகிறதோ, அவரோடு நாம் கூடப் போகிறோம். அவர் நல்லவர் என்று முடிவுகட்டினால் அவர் பக்கம் சேர்கிறோம். சாதாரணக் கதைகளில் இரண்டும் ஒரே ஆள்மீது விழுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. எதிர்நாயகன் கதை இந்த இரண்டையும் பிரித்துவிட்டு, நாம் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்போது வழுக்கினோம் என்று நமக்கே தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், ஒரு ஆள் எவ்வளவு கெட்டவன் என்பதை வைத்து அவனை எதிர்நாயகன் என்று சொல்லவே முடியாது. அவனுடைய ரகசியத்தை நம்மையும் சேர்த்துச் சுமக்க வைத்தார்களா என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இலக்கியத்துக்கும் சினிமாவுக்கும் இது புதிதல்ல. ஆனால் அமெரிக்கத் திரைத்துறை 1934 முதல் 1968 வரை கடைப்பிடித்த தணிக்கை விதிகளில், பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது என்றே எழுதி வைத்திருந்தார்கள். தொலைக்காட்சிக்கும் 1952-லிருந்து தனி ஒழுக்க விதிகள் இருந்தன. விதியை விடப் பெரிய காவல்காரர் விளம்பரதாரர். சோப்பு விற்கிற கம்பெனிக்கு, தன் விளம்பரத்துக்கு முன்னால் வீட்டு ஹாலில் ஒருவன் இன்னொருவனைக் கழுத்தை நெரிப்பது பிடிக்காது. அதனால் வாராவாரம் வீட்டுக்குள் வருகிறவர் மரியாதையான ஆளாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாகவே இருந்தது.

அந்தச் சட்டம் உடைந்த நாளைச் சொல்லச் சொன்னால் பலரும் 1999 பிப்ரவரி 7-ஐத்தான் காட்டுவார்கள். எச்.பி.ஓ. சந்தாப் பணத்தில் ஓடுகிற சேனல், விளம்பரம் கிடையாது. அதில் டேவிட் சேஸ் உருவாக்கிய ‘தி சோப்ரானோஸ்’ தொடங்கி ஐந்தாவது எபிசோடு. நியூ ஜெர்சி மாஃபியாவின் டோனி சோப்ரானோ, மகள் மெடோவுக்குக் கல்லூரி பார்ப்பதற்காக அவளைக் காரில் மெய்ன் மாநிலத்துக்குக் கூட்டிப்போகிறான். வழியில் மகள் கேட்கிறாள்: அப்பா, நீங்கள் மாஃபியாவா? முதலில் மறுக்கிறான், பிறகு பாதியை ஒப்புக்கொள்கிறான். அப்பாவும் மகளும் மனம்விட்டுப் பேசுகிற அழகான கட்டம் அது. அதே பயணத்தில், தங்கள் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றி வாழ்கிற ஒருவன் கண்ணில் படுகிறான். டோனி அவனைத் தேடிப்பிடித்துத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, மகளின் நேர்காணல் முடியும் நேரத்துக்குக் கல்லூரிக்கு வந்துசேர்கிறான்.

சேனல் நிர்வாகம் பயந்தது. இவ்வளவு பாடுபட்டு மக்களுக்குப் பிடித்தவனாக ஆக்கியிருக்கிறோம், ஒரே கொலையில் எல்லாம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. சேஸ் நேர்எதிராக வாதாடினார்: காட்டிக்கொடுத்தவனைப் பார்த்தும் டோனி சும்மா விட்டால்தான் அவனை ஒருவரும் நம்பமாட்டார்கள், அப்போதுதான் தொடர் படுத்துவிடும். சேஸ் சொன்னதே நடந்தது. யாரும் டிவியை அணைக்கவில்லை. அந்த எபிசோடு திரைக்கதைக்கான எம்மி விருதும் வாங்கியது. தொடர் 2007 வரை 86 எபிசோடு ஓடியது. டோனியாக நடித்த ஜேம்ஸ் கண்டோல்ஃபினியின் கண்களில் ஒரு சோர்வு எப்போதும் இருக்கும். பாதி வேலையை அந்தக் கண்களே செய்துவிட்டன என்று எனக்குத் தோன்றும்.

சினிமாவில் இல்லாத ஒரு வசதி தொடருக்கு உண்டு: நேரம். இரண்டரை மணி நேரத்தில் ஒரு குற்றவாளியை நாம் பார்த்துவிட்டுப் போகிறோம். 60, 80 மணி நேரம் என்றால் அவனோடு குடித்தனமே நடத்துகிறோம். அவன் காலையில் எதைச் சாப்பிடுகிறான், மாமியாரோடு எப்படி மல்லுக்கட்டுகிறான் என்றெல்லாம் தெரிந்த பிறகு, அவன் கொலைகாரன் என்ற செய்தி பல செய்திகளில் ஒன்றாகிவிடுகிறது.

இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்குப் பாடப்புத்தகம் போல இருப்பது ‘பிரேக்கிங் பேட்’. வின்ஸ் கில்லிகன் உருவாக்கி, ஏ.எம்.சி. சேனலில் 2008 ஜனவரி முதல் 2013 செப்டம்பர் வரை 5 சீசன், 62 எபிசோடு வந்தது. வால்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டனை அதற்கு முன் அமெரிக்கர்கள் ஒரு நகைச்சுவைத் தொடரின் அசட்டு அப்பாவாகத்தான் அறிந்திருந்தார்கள். அதே முகத்தை வைத்து நான்கு முறை சிறந்த நடிகருக்கான எம்மி வாங்கினார்.

முதல் எபிசோடில் வால்டர்மேல் பரிதாபம் மூட்டைமூட்டையாக ஏற்றப்படுகிறது. மகனுக்கு மூளை முடக்குவாதம். மனைவி ஸ்கைலர் கர்ப்பம். சம்பளம் பற்றாமல் சாயங்காலம் கார் கழுவும் இடத்தில் வேலை. தன் வகுப்பு மாணவனின் காரையே மண்டியிட்டுத் துடைக்க நேர்கிறது. அதன்மேல் நுரையீரல் புற்றுநோய். இவ்வளவுக்கும் பிறகு அவர் பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மனைச் சேர்த்துக்கொண்டு மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சக் கிளம்பினால், ‘பாவம், வேறு என்ன செய்வார்’ என்று நாமே வக்காலத்து வாங்கத் தயாராக இருக்கிறோம். ஸ்கைலரின் தங்கை கணவன் ஹாங்க் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி. ஆக, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே போலீஸ். ஒவ்வொரு குடும்ப விருந்திலும் வால்டரின் ரகசியத்தை அவரும் நாமும் மட்டும் பொத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஹாங்க் நெருங்கும்போதெல்லாம், சட்டம் ஜெயிக்கப் போகிறது என்று மகிழ வேண்டிய நாம், ஐயோ மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்று நகம் கடிக்கிறோம்.

இன்னொரு வலுவான கொக்கி, திறமை. தன் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறவரைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது என்ன வேலை என்பதை மனம் பிறகுதான் கேட்கிறது. வால்டர் குடுவைகளைக் கையாளும் விதம், தரத்தில் ஒரு இம்மி குறைந்தாலும் அவருக்கு வரும் கோபம், இவை ஒரு நல்ல கைவினைஞருக்கு உரியவை. அவருக்கு எதிரே நிறுத்தப்படுகிறவர்களும் அவரைவிட மோசமானவர்கள்: சிரித்துக்கொண்டே அடித்துக் கொல்லும் டூக்கோ, அமைதியாகக் கழுத்தறுக்கும் கஸ் ஃப்ரிங், கடைசியில் நவநாஜிக் கும்பல். பக்கத்தில் கருங்கும்மிருட்டை வைத்தால் சாம்பல் நிறம் வெள்ளையாகத் தெரிகிற வித்தை. இது கொஞ்சம் மலிவான உத்திதான். கடைசி சீசனில் நாஜிகளைக் கொண்டுவந்தது வால்டருக்குக் கொடுத்த தேவையில்லாத சலுகை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் தொடர் ஏமாற்றவில்லை. தப்பிக்கும் வழி எங்கே மூடப்பட்டது என்பதை மிக ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடு. வால்டர் இளமையில் நண்பர் எலியட்டோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனியில் தன் பங்கை வெறும் 5,000 டாலருக்கு விற்றுவிட்டு வந்தவர். கம்பெனி பிறகு கோடிக்கணக்கில் வளர்ந்தது. அந்த எலியட் இப்போது வேலை தருகிறேன், மருத்துவக் காப்பீடும் உண்டு என்கிறார். வால்டர் மறுக்கிறார். எலியட்டின் மனைவி கிரெட்சன் போன் செய்து, சிகிச்சைச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறாள். அதையும் மறுத்துவிட்டு, நேராக ஜெஸ்ஸி வீட்டு வாசலுக்குப் போய் காய்ச்சலாமா என்று கேட்கிறார். மனைவியிடம் எலியட்தான் செலவு செய்கிறார் என்று பொய் சொல்கிறார். ‘குடும்பத்துக்காக’ என்ற காரணம் அந்த இடத்தில் காலாவதியாகிவிட்டது. 62-ல் ஐந்தாவதிலேயே! அதற்குப் பிறகும் பல சீசன்கள் நாம் அந்தக் காரணத்தைப் பிடித்துத் தொங்கினோம் என்றால், தொங்கியது நம் விருப்பம்.

இரண்டாவது சீசனின் பன்னிரண்டாவது எபிசோடில் கதை இன்னும் ஒரு படி இறங்குகிறது. ஜெஸ்ஸியின் காதலி ஜேன், ஜெஸ்ஸியின் பங்கைத் தராவிட்டால் காட்டிக்கொடுப்பேன் என்று வால்டரை மிரட்டியிருக்கிறாள். ஒரு இரவு வால்டர் ஜெஸ்ஸியின் வீட்டுக்குள் நுழைகிறார். இருவரும் ஹெராயின் மயக்கத்தில் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை உலுக்கி எழுப்பப் பார்க்கும்போது ஜேன் மல்லாந்து புரள்கிறாள். வாந்தி வந்து மூச்சு அடைக்கிறது. வால்டர் ஓடிப்போய்க் கட்டிலருகே குனிகிறார். கை நீள்கிறது. நின்றுவிடுகிறது. அவளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் பிழைத்துவிடுவாள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அவர் திருப்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கண் கலங்குகிறார். பிறகு அந்த முகம் மெல்ல இறுகுகிறது. இந்தக் காட்சியில் துப்பாக்கி இல்லை, நெரிப்பு இல்லை, சட்டப்படி கொலை என்று சொல்வதே கஷ்டம். ஆனால் பார்த்தவர்கள் பலருக்கும் க்ரேஸி எயிட்டின் சாவைவிட இதுதான் அதிகம் உறைத்தது. அங்கே தாளில் எழுதிய அந்த ஒரு காரணம் இருந்தது. இங்கே அது இல்லை.

இதே தொடரின் வழியாக இன்னொரு விபரீதமும் வெளிப்பட்டது. கணவன் மெத் காய்ச்சுகிறான் என்று கண்டுபிடித்து, பிள்ளைகளை எண்ணிப் பயந்து, அவனை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிற ஸ்கைலரை ரசிகர்கள் வெறுத்தார்கள். சும்மா பிடிக்கவில்லை என்ற அளவில் இல்லை. அவளைத் திட்டுவதற்கென்றே ஃபேஸ்புக் பக்கங்கள் இருந்தன. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு தன்மேலேயே பாய்ந்து, தன்னைக் கொல்ல வேண்டும் என்று ஒருவர் இணையத்தில் எழுதும் அளவுக்குப் போனதை அதில் சொல்லியிருந்தார். கணவனுக்கு அடங்காத மனைவி மேல் உள்ள பழைய எரிச்சல் இதில் கலந்திருக்கிறது, சந்தேகமில்லை. கேமராவின் பங்கும் இருக்கிறது. நாம் வால்டரோடு போகிறோம், ஸ்கைலர் குறுக்கே நிற்கிறாள். குறுக்கே நிற்பவள் நியாயமானவளாக இருந்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அவளுக்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவுமில்லை.

நான்காம் சீசனில் ஒரு புகழ்பெற்ற வசனம் வரும். ஒருவன் கதவைத் திறந்ததும் சுடப்படுகிறான் என்றால், அந்தக் ‘கதவைத் தட்டுகிறவனே நான்தான்’ என்று வால்டர் சொல்வது. டி-ஷர்ட்களில் அச்சடித்து விற்றார்கள். மாஸ் வசனமாக உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எந்த எதிரியிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. நீ ஆபத்தில் இருக்கிறாய், போலீசிடம் போவோம் என்று கெஞ்சுகிற மனைவியிடம், படுக்கையறையில் நின்று சொல்கிறார். கதவு திறந்ததும் சுடப்பட்டவன் ஒருவன் உண்டு என்பது உண்மை; ஆனால் சுட்டது ஜெஸ்ஸி, இவர் ஏவினார். அந்த நேரத்தில் வால்டர் கஸ் ஃப்ரிங்கின் மெத் காய்ச்சும் ஆய்வுக்கூடத்தில் கண்காணிப்புக் கேமராவுக்குக் கீழே, எந்த நாள் கொல்லப்படுவோமோ என்று நடுங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர். எழுதியவர்கள் ஒரு கோழையின் வீறாப்பை எழுதினார்கள். கேட்டவர்கள் ஒரு வீரனின் கர்ஜனையைக் கேட்டார்கள். எதிர்நாயகன் கதையில் எழுத்தாளர் கையில் முழுக் கட்டுப்பாடும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசி எபிசோடில் வால்டர் ஸ்கைலரிடம் விடைபெற வருகிறார். மறுபடியும் குடும்பம் என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். ‘எனக்காகத்தான் செய்தேன். பிடித்திருந்தது. நன்றாக வந்தது’ என்று ஒப்புக்கொள்கிறார். அவர் அதுவரை பேசியதிலேயே நேர்மையான பேச்சு அது.

போலீஸ் உடையில் எதிர்நாயகன் வேண்டுமானால் ‘தி ஷீல்டு’. ஷான் ரயன் உருவாக்கி எஃப்.எக்ஸ். சேனலில் 2002 முதல் 2008 வரை ஓடியது. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் ராம்பார்ட் பிரிவில் 1990-களின் இறுதியில் அம்பலமான ஊழல்தான் இதற்குத் தூண்டுதல். மைக்கேல் சிக்லிஸ் நடித்த விக் மேக்கி குற்றவாளிகளைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், கூடவே கொள்ளையிலும் பங்கு வாங்குகிறவன். முதல் எபிசோடு முடியும்போது, தன்னை வேவு பார்க்க அனுப்பப்பட்ட சக போலீஸ்காரனை முகத்தில் சுட்டுக் கொல்கிறான். டோனிக்குச் சேனல் ஐந்தாவது எபிசோடில் பயந்ததை இவர்கள் முதல் எபிசோடிலேயே முடித்துவிட்டார்கள். மூன்று வருடத்தில் காலம் அவ்வளவு மாறியிருந்தது. முடிவும் விசேஷமானது. விக் சாவதில்லை, சிறைக்கும் போவதில்லை. எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டு தண்டனையிலிருந்து விலக்கு வாங்கிவிடுகிறான். கிடைப்பது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோட்டும் டையும் மாட்டி அறிக்கை டைப் அடிக்கிற வேலை. மனைவி பிள்ளைகள் எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியாது.

தண்டனை எப்படி வர வேண்டும் என்பதில் இந்த மூன்று தொடர்களும் மூன்று வழியில் போகின்றன. வால்டர் சாகிறார், அதுவும் தான் விரும்பியபடி, தன் ஆய்வுக்கருவிகளுக்கு நடுவே. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியான கருணையாகத் தெரிகிறது. டோனியின் கதை உணவகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது திரை கறுத்துச் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய எபிசோடில் அவனுடைய மனநல மருத்துவர் மெல்ஃபி, இத்தனை வருடம் தான் செய்த சிகிச்சை இவனைத் திருத்தவில்லை, இன்னும் சாமர்த்தியமான குற்றவாளியாக்கியிருக்கிறது என்று உணர்ந்து கதவைச் சாத்துகிறார். தொடர் முழுக்க டோனியின் கதைகளை உட்கார்ந்து கேட்டு, அவனைப் புரிந்துகொள்ள முயன்றவர் அவர். பார்வையாளரின் நாற்காலியில் இருந்தவர் என்றே சொல்லலாம். நான் பார்த்த அத்தனை முடிவுகளிலும் கடுமையானது அந்தச் சாத்திய கதவுதான்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ‘பிரேக்கிங் பேட்’ என்பேன். அதன் முதல் சீசன் 7 எபிசோடுதான். அமெரிக்கத் திரைக்கதையாளர்களின் வேலைநிறுத்தத்தால் அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்தாவதை, அந்த போன் பேச்சு வருகிற எபிசோடை, கைபேசியைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடாதீர்கள். அது பிடித்தால் அதே உலகத்தில் நடக்கும் ‘பெட்டர் கால் சால்’ 2015 முதல் 2022 வரை வந்திருக்கிறது. மெதுவாகத்தான் சூடேறும், இரண்டு சீசனாவது பொறுக்க வேண்டும். ‘தி சோப்ரானோஸ்’ மூன்றாவதாக இருக்கட்டும். வன்முறையும் கெட்ட வார்த்தையும் எல்லாவற்றிலும் தாராளம், அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு போட்டுப் பார்ப்பது நல்லது.